கூலி கேட்காத பூச்சிகள்

கடலைப் பற்றி ஒன்பது வருஷம் பாடம் நடத்திய பிறகுதான் நான் கடலைப் பார்த்தேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். இமயமலையையும்தான் நான் பார்த்ததில்லை. அதைப் பற்றி யாரும் என்னைக் கேள்வி கேட்டதில்லை. ஆம்பூரில் எங்களுக்குத் தெரிந்த பெரிய தண்ணீர் பாலாறு. அது வருஷத்தில் பத்து மாதம் வெறும் மணல். மீதி இரண்டு மாதத்தில் எப்போதாவது வெள்ளம் வந்தால், ரங்கூனிலிருந்து உறவுக்காரர் வந்து இறங்கியதைப் போல ஊரே கரையில் கூடி நின்று பார்க்கும். இப்படிப்பட்ட ஊரில் சமுத்திரத்தின் ஆழம் இவ்வளவு என்று நான் எதைச் சொன்னாலும் ஒப்புக்கொண்டார்கள். பூகோள வாத்தியாருக்கு இதைவிட நல்ல ஊர் அமையாது.

நான் வேலை பார்த்த பள்ளிக்கூடம் ஒரு தோல் வியாபாரியின் தயவில் நடந்தது. ஊரில் எல்லோரும் அவரைச் சாயபு என்றுதான் சொல்வோம். ஆற்றங்கரையில் அவருக்கு ஒரு டேனரி இருந்தது. பச்சைத் தோல் ஒரு வாசல் வழியாக உள்ளே போகும். சுண்ணாம்புக் குழியில் ஊறி, மயிர் உதிர்ந்து, சதை சீவப்பட்டு, ஆவாரம்பட்டைத் தண்ணீரில் வாரக்கணக்கில் கிடந்து, சீமைக்குப் போகிற சரக்காக இன்னொரு வாசல் வழியாக வெளியே வரும். வெளியூர்க்காரர்கள் ரயில் ஆம்பூரை நெருங்கும்போதே மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். எங்களுக்கு அந்த நாற்றம் தெரியாது. டேனரிக்கு லீவு விட்ட நாட்களில்தான் காற்றில் ஏதோ குறைகிற மாதிரி இருக்கும்.

சாயபு நல்ல மனிதர். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் சொல்ல இடம் கிடைக்காமல் போகலாம். அவருக்குப் படிப்பு கம்மி, ஆனால் படிப்பின் மேல் ஆசை ஜாஸ்தி. வெள்ளிக்கிழமை தொழுகையும் சாப்பாடும் முடிந்ததும் நேரே பள்ளிக்கூடத்துக்கு வருவார். இருக்கிற ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, "வாத்தியாரே, ஒலகத்துல புதுசா இன்னா கீது?" என்பார். நான் நின்றுகொண்டு ஏதாவது சொல்ல வேண்டும். பிடித்திருந்தால் பள்ளிக்கூடத்துக்கு ஏதாவது கிடைக்கும். பூகம்பத்தைப் பற்றிச் சொன்ன வாரம் இரண்டு பெஞ்சு வந்தது. பூமத்திய ரேகையைப் பற்றிச் சொன்ன வாரம் தூங்கிவிட்டார். ஆக, எங்கள் பள்ளிக்கூடத்தின் மரச்சாமான்களைப் பார்த்தாலே எந்தெந்தப் பாடம் நன்றாக நடந்தது என்று சொல்லிவிடலாம்.

யுத்தம் முடிந்து தோலுக்கு இருந்த கிராக்கி இறங்கிப்போன சமயம் அது. சுண்ணாம்புக் குழி ஆட்கள் கூலியைக் கூட்டிக் கேட்டு இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. அந்த வெள்ளிக்கிழமை சாயபு ரொம்பப் பேஜாராக வந்து உட்கார்ந்தார். பள்ளிக்கூடத்தின் கூரை அப்போது ஓலைக்கூரை. மழை வந்தால் வகுப்பை மூலைக்கு மூலை நகர்த்த வேண்டும். அவரை எப்படியாவது குஷிப்படுத்திவிட வேண்டும் என்று இங்கிலீஷ் பூகோளப் புத்தகத்தில் நல்ல படம் போட்ட பக்கமாகப் பார்த்துத் திறந்தேன். பவழப் பாறைத் தீவுகள் என்ற பாடம் அது.

கடலுக்கு அடியில் கடுகளவு பூச்சிகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன என்று ஆரம்பித்தேன். அவை கடல்நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பை எடுத்துத் தங்களைச் சுற்றி வீடு கட்டிக்கொள்ளும். பூச்சி செத்தால் வீடு நிற்கும். அதன் தலைமேல் அடுத்த பூச்சி கட்டும். இப்படிக் கட்டிக் கட்டித்தான் பாறை எழும்புகிறது என்றேன்.

சாயபு நிமிர்ந்தார். "சுண்ணாம்பா?"

"சுத்தமான சுண்ணாம்பு."

"அதுங்களுக்கு மேஸ்திரி யாரு?"

"மேஸ்திரி எல்லாம் இல்லை."

"கூலி?"

"பூச்சிக்கு ஏது கூலி, சாயபு?"

"லீவு நாளு?"

"கிடையாது. வருஷம் முழுக்க வேலைதான்."

அவர் புத்தகத்தை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். படத்தில் மோதிரத்தைப் போல வட்டமான ஒரு தீவு இருந்தது, நடுவில் தண்ணீர். அது எப்படி வந்தது என்று விளக்கினேன். முதலில் கடலில் ஒரு மலை இருந்தது; அதைச் சுற்றிப் பூச்சிகள் பாறை கட்டின. மலை கொஞ்சம் கொஞ்சமாகக் கடலுக்குள் அமிழ்ந்தது. பூச்சிகளுக்கு வெளிச்சம் வேண்டும், அதனால் அமிழ அமிழ மேலே மேலே கட்டிக்கொண்டே வந்தன. கடைசியில் மலை மறைந்துவிட்டது, சுற்றிக் கட்டிய மதில் மட்டும் மிச்சம். தரை அமிழ்ந்தாலும் சரி, கடல் ஏறினாலும் சரி, அவற்றுக்கு ஒன்றுதான் என்றேன். உற்சாகம் மிகுந்து, "கடல் ஒரு சாண் ஏறினால் பூச்சியும் ஒரு சாண் ஏறும்!" என்று கையை வேறு தூக்கிக் காட்டினேன்.

சாயபு படத்தின் மேல் விரலை ஓட்டினார். பிறகு, "இங்க ஒரு குழி ஜாஸ்தி போட்டா இன்னா கூச்சல் போட்றானுங்க. இதுங்க பாரு வாத்தியாரே, கடல் ஏற ஏறக் கேக்காமயே ஜாஸ்தி வேல செய்யுது" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. மழைக்கு முன்னால் கூரைக்கு ஓடு போட்டுத் தருவதாக அப்போதே வாக்குக் கொடுத்தார்.

அதே பக்கத்தின் அடியில் இன்னும் மூன்று வரி இருந்தது. அந்தப் பூச்சி தண்ணீருக்குள்தான் உயிரோடு இருக்கும், தண்ணீருக்கு மேலே அதனால் ஒரு கல் கூடக் கட்ட முடியாது. நாம் தீவு என்று சொல்வது அலை உடைத்து வாரிப்போட்ட துண்டும் மணலும்தான். வருஷத்துக்கு ஒரு விரற்கடை வளர்ந்தால் பெரிது. கடல் அவசரப்பட்டு ஏறினாலோ, தண்ணீர் கலங்கினாலோ எல்லாம் செத்துப்போகும். இவ்வளவுதான் அந்த மூன்று வரி. ஓட்டுக்கூரை கைக்கு எட்டியிருக்கும்போது அதை வாசிப்பானேன் என்று புத்தகத்தை மூடிவிட்டேன்.

மறுநாள் சாயபு டேனரியில் குழி ஆட்களை நிறுத்திவைத்து என் பாடத்தை அவரே நடத்தினாராம். பூச்சியைப் பார்த்து மனுஷன் கற்றுக்கொள்ள வேண்டும் என்றாராம். இதை எனக்கு வந்து சொன்னவர் சுண்ணாம்புக் குழி மேஸ்திரி. அவர் மாதனூர்ப் பக்கத்துக்காரர், நாற்பது வயது இருக்கும். பள்ளிக்கூடம் விட்ட நேரத்தில் வாசலில் வந்து நின்றார்.

"அய்யா, அந்தப் பூச்சி சுண்ணாம்புலயே கெடக்குதே, அதுக்கு ஒடம்பு வெடிக்காதா?" என்று கேட்டார்.

நான் சிரித்துவிட்டேன். பிறகு அவர் கையைப் பார்த்தேன். குழியில் தோல் பதமாகிவிட்டதா என்று தெரிய வேண்டுமானால் மேஸ்திரி கையை விட்டு ஒரு தோலை இழுத்து, கட்டைவிரலால் மயிரைத் தள்ளிப் பார்க்க வேண்டும். மயிர் வழுக்கிக்கொண்டு வந்தால் தோலை எடுத்துவிடலாம். இருபது வருஷமாக அதைச் செய்த கை அது. விரல் சந்துகள் வெடித்து உள்ளே சிவப்பு தெரிந்தது. மூன்று விரலில் நகமே இல்லை.

வேலூர் ஆஸ்பத்திரியில் காட்டியிருக்கிறார். ஒரு வருஷமாவது கையைச் சுண்ணாம்பில் வைக்காமல் இருந்தால் ஆறும், இல்லாவிட்டால் இரண்டு விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வேறு வேலை கிடைக்கவில்லை. "மூணு வருஷமாச்சு அய்யா, கையால கொழம்பு ஊத்தித் தின்னு. மொளகா பட்டா உசுரு போவுது. கூழ்தான். ரெண்டு உள்ளங்கையில சட்டியப் புடிச்சிக் குடிச்சிட வேண்டியது" என்றார். இதை அவர் குறையாகக்கூடச் சொல்லவில்லை, தகவலாகச் சொன்னார்.

இதற்குள் தெற்கேயிருந்து சிப்பி வியாபாரத்துக்கு வந்த ஒரு தரகர் சாயபுவைப் பிடித்துக்கொண்டார். தெற்குக் கடற்கரையில் மண்டபம் என்ற ஊருக்கு அந்தப் பக்கம் ஒரு ஜமீனுக்குச் சொந்தமான தீவு குத்தகைக்கு வருகிறது, சுற்றிலும் பவழப் பாறை என்றார். அவ்வளவுதான். பாறையை உடைத்துக் கரையில் சுட்டால் முதல்தரமான சுண்ணாம்பு. உடைக்க உடைக்கப் பூச்சிகள் சும்மாவே கட்டிக் கொடுத்துக்கொண்டிருக்கும். போதாததற்குத் தீவும் வருஷா வருஷம் பெரிதாகும். இப்படி ஒரு வியாபாரம் உலகத்தில் எந்தத் தோல் மண்டிக்காரனுக்கும் வாய்த்ததில்லை என்று சாயபு கணக்குப் போட்டார். தீவிலேயே தங்கிப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்றதும் மேஸ்திரி முன்னால் போய் நின்றார். தீவு நல்லபடியாக இருந்தால் வேலை அவருக்குத்தான் என்று முடிவாயிற்று. தீவு நல்லபடியாக இருக்கிறதா என்று சொல்ல வேண்டியவன் நான். பூச்சிகளைப் பற்றித் தெரிந்தவன் என்ற முறையில் என்னையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டார்கள்.

காட்பாடியில் வண்டி மாறி, விழுப்புரம் வழியாக மண்டபம் போய்ச் சேர்ந்தோம். வழி நெடுக சாயபு தன்னை யாரும் ஏமாற்ற முடியாது என்பதற்கு உதாரணங்கள் சொல்லிக்கொண்டு வந்தார். எடைக்காகத் தோலில் உப்பை அப்பியிருந்தால் தடவிப் பார்த்தே சொல்லிவிடுவார். மண் பூசியிருந்தால் முகர்ந்து சொல்லிவிடுவார். "சுண்ணாம்புல ஊறின தோலு உப்பிப் பெருசாத் தெரியும் வாத்தியாரே. அத்த அப்டியே பாத்து வெல பேசறவன் தோலு யாவாரியே இல்ல" என்றார். மேஸ்திரி எதிரே உட்கார்ந்து தலையாட்டினார்.

மண்டபத்தில் ரயிலை விட்டு இறங்கியதும் கரையோரம் பாறை ஒன்று தண்ணீருக்கு மேலே ஆள் இடுப்பு உயரத்துக்கு நின்றது. பவழப் பாறைதான், காய்ந்து, ஓட்டை ஓட்டையாக, செத்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. சாயபு துள்ளினார். "பாத்தீங்களா? தண்ணிக்கு மேலயும் வளந்துக்குனு கீது!" என்றார். அது வளர்ந்ததல்ல. எப்போதோ கடல் அந்த உயரத்தில் இருந்தபோது கட்டியது. கடல் இறங்கிப்போனதும் வெயிலில் செத்துக் கல்லாக நின்றுவிட்டது. புத்தகத்தில் அதற்கும் ஒரு பத்தி உண்டு. நான் அப்போதுதான் முதல்முதலாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன், வாயைத் திறக்கத் தோன்றவில்லை. அது ஒரு சாக்கு என்பது எனக்குத் தெரியும்.

மறுநாள் காலையில் படகில் போனோம். சமுத்திரங்களின் பெயரை எல்லாம் ஒரே மூச்சில் ஒப்பிக்கிறவனாகிய நான், படகின் விளிம்பில் தலையைத் தொங்கவிட்டபடி காலையில் தின்ற இட்லியைக் கடலுக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டு போனேன். தரகர் ரொம்பக் கெட்டிக்காரர். அமாவாசையை ஒட்டிய நாளாகப் பார்த்து, நீர் நன்றாக வற்றியிருக்கும் நேரத்துக்குக் கொண்டுபோய் இறக்கினார். கண்ணுக்கு எட்டிய மட்டும் தரை தெரிந்தது. நடுவில் வெள்ளை மணல் திட்டு, அதில் மணலோடு படர்ந்த அடப்பங்கொடியும் நாலைந்து பனையும். சுற்றிலும் ஈரப் பாறைப் பரப்பு. சாயபு பளபளக்கும் ஆம்பூர்ச் செருப்பைக் கழற்றி ஓர் ஓரமாக வைத்துவிட்டு, அளவுச் சங்கிலியைப் பிடித்துத் தரையை அளக்கச் சொன்னார். அளந்துகொண்டே போனோம். அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது.

மேஸ்திரி குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்தார். என் அருகில் வந்து, "அய்யா, இது சுண்ணாம்புல ஊறின தோலுய்யா. இப்ப அளக்காதீங்க" என்று மெதுவாகச் சொன்னார்.

மத்தியானத்துக்குள் அது உண்மையாயிற்று. தண்ணீர் சத்தமில்லாமல் ஏறியது. அளந்த இடமெல்லாம் கடலாகிவிட்டது. சாயபுவின் செருப்புகள் மிதந்துபோனதைப் படகுக்காரர்தான் முதலில் பார்த்துச் சொன்னார். மணல் திட்டும் பனையும் நாங்களும் மிச்சம். அந்தத் திட்டு எங்கள் பள்ளிக்கூட மைதானத்தை விடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான்.

படகுக்காரர் அந்தக் கரைக்காரர். தரகர் முறைக்க முறைக்க அவர் பேசினார். "இது வளராதுய்யா, நகரும். வாடைக் காத்துல மண்ணு தெக்கே போயிரும், தெக்கத்திக் காத்துல வடக்கே வந்துரும். நாங்க குடிசையத் தூக்கிக்கிட்டு மண்ணு பின்னாடியே போவோம். சுத்தி நிக்கிற கல்லுதான் இதுக்கு வேலி. கல்ல எடுத்தீகன்னா திட்டு நிக்காது" என்றார். பிறகு தூரத்தில் தண்ணீர் வெளிர்ப்பச்சையாகத் தெரிந்த ஓர் இடத்தைக் காட்டினார். அவருடைய தகப்பனார் காலத்தில் அங்கே ஒரு தீவு இருந்ததாம், கருவாடு காயப்போடுவார்களாம். சுண்ணாம்புக்குக் கல்லை எடுத்தார்களாம்.

ஒரு முழு பூகோளப் புத்தகத்தை அந்த மனிதர் நாலு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். சாயபு அதைக் கேட்டுவிட்டு என்னிடம் திரும்பினார். "இவன் படிக்காத ஆளு. நீங்க சொல்லுங்க வாத்தியாரே. வளருமா, வளராதா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மேஸ்திரி பார்க்கவில்லை. அவர் தண்ணீரோரம் உட்கார்ந்து இரண்டு கைகளையும் கடலில் வைத்துக்கொண்டிருந்தார். உப்பு எரிந்திருக்க வேண்டும், பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். ஆனாலும் கையை எடுக்கவில்லை.

"வளரும்" என்றேன்.

இத்தனை வருஷமாக நான் இதை மேஸ்திரிக்காகச் சொன்னதாகத்தான் எனக்கு நானே சொல்லிவந்திருக்கிறேன். கொஞ்சம் அதுவும் உண்மை. ஆனால் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு படகுக்காரர் முன்னால், நான் மூன்று வரியை விழுங்கிவிட்டேன் என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஓடு வேறு நினைவுக்கு வந்தது. இவற்றில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இப்போதும் எனக்குத் துணிச்சல் இல்லை.

குத்தகை முடிந்தது. மேஸ்திரி தன் பெண்டாட்டியையும் ஓர் ஆட்டையும் கூட்டிக்கொண்டு ரயில் ஏறினார். ஆம்பூர் ஸ்டேஷனில் மாதனூரே வந்து நின்று அழுதது. சாயபு கடற்கரை ஆட்களை வைத்துக் கடப்பாறையால் பாறையை உடைக்கச் செய்தார். மேஸ்திரிக்கு மேற்பார்வை மட்டும்தான், கை வைக்க வேண்டாம். சுட்ட சுண்ணாம்பு மூட்டை மூட்டையாக ஆம்பூருக்கு வந்தது. நிஜமாகவே வெள்ளை வெளேரென்று இருந்தது. அதில் ஊறிய தோலைத் தடவிப் பார்த்துவிட்டு சாயபு ஒரு வாரம் யாரையும் திட்டவில்லை. பள்ளிக்கூடத்துக்கு ஓடு வந்தது.

கூரை வேலை முடிந்த வாரம் மேஸ்திரியின் முதல் கடிதம் வந்தது. கரையில் யாரிடமோ சொல்லி எழுதியது. வெடிப்பு எல்லாம் மூடிக்கொண்டது, ஒரு விரலில் நகம் முளைத்திருக்கிறது, நேற்று மீன் குழம்பு ஊற்றிக் கையால் சாப்பிட்டேன், பெண்டாட்டி பார்த்துவிட்டு அழுதாள் என்று இருந்தது. நான் அதை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. ஊரில் எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். ஒரு பொய் சொல்லி ஒரு மனிதனின் கையைக் காப்பாற்றிவிட்டேன் என்ற பெருமையில் நடை கூட மாறிப்போயிருந்தது என்று என் மனைவி சொன்னாள்.

இரண்டாவது கடிதத்தில் ஆடு குட்டி போட்ட செய்தி. மூன்றாவது கடிதம் கொஞ்சம் நீளம்.

கல் உடைத்த பக்கத்தில் அலை நேராக வந்து மோதுகிறது என்று எழுதியிருந்தார். குழியில் சுண்ணாம்புத் தண்ணீரின் மட்டம் பார்க்கக் குச்சி நட்டு அடையாளம் வைப்பது அவர் வழக்கம். அதே மாதிரி கரை ஓரம் முளைக்குச்சி நட்டுப் பார்த்திருக்கிறார். மண் தெற்கே போனது, படகுக்காரர் சொன்னபடி திரும்பி வரவில்லை. கல் எடுத்த பள்ளத்தின் வழியாக ஆழத்துக்கு வழிந்துவிட்டது. ஐந்து குச்சியில் மூன்று கடலுக்குள் நிற்கின்றன. "கடல் ஏறவில்லை அய்யா, நாங்கள்தான் வேலியை எடுத்துவிட்டோம். கல் உடைப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். அய்யா சொன்னால் முதலாளி கேட்பார். என்னைக் காவலுக்கு மட்டும் வைத்தால் போதும்" என்று முடித்திருந்தார்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருந்தேன். சாயபு வந்தார். புது ஓட்டுக்கூரையை அண்ணாந்து பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். "நம்ம தீவு எப்டி கீது வாத்தியாரே? வளந்துக்குனு கீதா?" என்றார்.

கல் உடைப்பதை நிறுத்துங்கள் என்று சொன்னால் இவர் குத்தகையையே நிறுத்திவிடுவார். வெறும் மணலைக் காவல் காக்க யாருக்கு ஆள் வேண்டும்? மேஸ்திரி மறுபடியும் குழிக்கு வர வேண்டியதுதான். அவருக்காகவாவது இன்னும் கொஞ்ச நாள் பொறுப்போம் என்று அந்த நிமிஷத்தில் எனக்குப் பட்டது. ரொம்ப நியாயமாகப் பட்டது. இவ்வளவு நியாயமான யோசனை சரியாக ஓட்டின் கீழே உட்கார்ந்திருக்கும்போதுதான் வரும்.

"நன்றாக இருக்கிறது சாயபு" என்றேன். கடிதத்தை மடித்துப் பூகோளப் புத்தகத்தில் பவழப் பாறைப் பாடத்துக்குள் வைத்தேன்.

ஐப்பசி பிறந்து வாடைக் காற்று பலமாக ஆரம்பித்தது. ஆம்பூரில் அந்த வருஷம் நல்ல மழை. பாலாறு கரை தொட்டு ஓடியது, எல்லோரும் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். ஓட்டுக்கூரை ஒரு சொட்டுக் கூட ஒழுகவில்லை. நான் மேலே பார்க்காமல் பாடம் நடத்தினேன். தபால்காரர் வரும் நேரத்துக்கெல்லாம் வாசலுக்கு ஓடினேன். மேஸ்திரியிடமிருந்து ஒரு கடிதமும் வரவில்லை.

கார்த்திகையில் மேஸ்திரியே வந்தார். பெண்டாட்டியும் கூட வந்தாள். உடைத்த பள்ளத்தின் வழியாகக் கடல் உள்ளே வந்துவிட்டதாம். பனைகள் ஒவ்வொன்றாக வேரோடு சாய்ந்தனவாம். அந்தப் படகுக்காரர்தான் அவ்வளவு அலையிலும் வந்து இவர்கள் இருவரையும் இடுப்பளவு தண்ணீரில் நின்று ஏற்றிக்கொண்டார். ஆடும் குட்டியும் போய்விட்டன. காற்று அடங்கிய பிறகு போய்ப் பார்த்தால் அங்கே வெளிர்ப்பச்சைத் தண்ணீர் இருந்ததாம்.

நான் சாயபுவின் டேனரி வாசலில் நின்றபோது அவர் மேஸ்திரியைக் கட்டிக்கொண்டிருந்தார். நிஜமாகவே கண்ணீர் விட்டார். "அல்லா காப்பாத்துனான். தீவு போனாப் போவுது, மனுஷன் வந்துட்டான்" என்றார். புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் புதுத்துணி எடுத்துக்கொடுக்கச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"உங்க பூச்சிங்க நல்லா ஏமாத்திட்சி வாத்தியாரே. எனக்கு இப்பத்தான் புரிது. கூலி வாங்காதவன நம்பவே கூடாது. கூலி வாங்கறவன் சொல்லிட்டாவது வேலைய நிறுத்துவான்" என்றார்.

இதைக் கேட்டு யாராவது கூலியைக் கூட்டிக் கேட்டுவிடப்போகிறார்களோ என்று அவருக்கே ஒரு கணம் சந்தேகம் வந்திருக்க வேண்டும். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். மேஸ்திரியின் தோளில் தட்டி, அதே அன்போடு, "நாளையிலேர்ந்து குழிக்கு வந்துடு" என்றார்.

அன்று சாயங்காலம் மேஸ்திரி பள்ளிக்கூடத்துக்கு வந்தார். முதலில் கையைத்தான் காட்டினார். உள்ளங்கையையும் புறங்கையையும் திருப்பித் திருப்பிக் காட்டினார். வெடிப்பு இருந்த இடங்களில் மெல்லிய வெள்ளைக் கோடுகள் மட்டும் இருந்தன. மூன்று விரலிலும் நகம் முளைத்திருந்தது. நான் தொட்டுப் பார்த்தேன். "நன்றாக ஆறிவிட்டது" என்றேன்.

"ஆமாய்யா" என்றார். கையை இழுத்துக்கொண்டு, "கடுதாசி வந்திச்சா?" என்று கேட்டார்.

பொய் வாய்வரை வந்தது. புத்தகம் மேஜை மேல் இருந்தது.

"வந்தது" என்றேன்.

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கைகளை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "தபால்ல எங்கியோ தொலஞ்சி போயிருக்கும்னு அவகிட்ட சொல்லிக்கினே இருந்தேன்" என்றார். பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வெள்ளிக்கிழமை சாயபு வந்து உட்கார்ந்ததும், அவர் கேட்பதற்கு முன்பே புத்தகத்தைத் திறந்து அந்த மூன்று வரியை வாசித்தேன். பூச்சி தண்ணீருக்கு மேலே ஒரு கல் கூடக் கட்டாது. வருஷத்துக்கு ஒரு விரற்கடைதான். நாம் நிற்கிற தீவு அலை விட்டுவைத்த மணல், அந்த அலையைத் தடுக்கிற மதில்தான் பாறை. இது எனக்கு முதல் நாளே தெரியும், அங்கே நீங்கள் கேட்டபோதும் தெரியும், நான்தான் சொல்லவில்லை என்று கடைசியில் சேர்த்தேன். வேலை போனாலும் போகட்டும் என்றுதான் சொன்னேன். நிமிர்ந்து பார்த்தபோது சாயபு தூங்கிக்கொண்டிருந்தார். பூமத்திய ரேகைக்குப் பிறகு நான் நடத்திய எந்தப் பாடத்துக்கும் அவர் அப்படித் தூங்கியதில்லை. விழித்ததும் போன வாரத்து மழையைப் பற்றி விசாரித்துவிட்டு எழுந்து போனார்.

அவரிடம் இன்னொரு தரம் சொல்லிவிட வேண்டும் என்று தை மாதத்தில் ஒரு நாள் டேனரிக்குப் போனேன். அவர் ஊரில் இல்லை. சாப்பாட்டு வேளை. குழி ஆட்கள் ஆவாரம்பட்டைக் குவியலின் நிழலில் உட்கார்ந்து சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தார்கள். மேஸ்திரி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனார், வேண்டாம் என்று கையைக் காட்டினேன். அவர் மறுபடியும் உட்கார்ந்து, விரல் படாமல் இரண்டு உள்ளங்கைகளாலும் சட்டியைத் தூக்கிக் கூழைக் குடித்தார்.